ஆளைக் காப்பாற்ற வேண்டிய லைஃப் போட்டே ஆளைக் கொல்வது ஏன்? கப்பல் ஒத்திகையில் படகு விழும் விபத்துகள்: முழு விளக்கம்

மீஞ்சூர், பழவேற்காடு பக்கம் இருப்பவர்களுக்குக் கப்பல் புதிதில்லை. எண்ணூர் காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளி துறைமுகமும் இந்தப் பக்கம்தான். ராத்திரி வலை போடப் போனால் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களின் விளக்குகள் வரிசையாகத் தெரியும். பகலில் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால், அந்தக் கப்பல்களின் பக்கவாட்டிலோ பின்பக்கத்திலோ ஆரஞ்சு நிறத்தில், கூரை போட்டு மூடிய ஒரு படகு மேலே தொங்கும். அதுதான் லைஃப் போட். கப்பல் மூழ்கினாலோ தீப்பிடித்தாலோ ஊழியர்கள் தப்பிக்க வைத்திருக்கும் கடைசி வழி.

ஆனால் கப்பலில் வேலை பார்க்கிற யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். புயலுக்கு இணையாக அவர்கள் பயப்படுகிற இன்னொரு விஷயம் இந்தப் படகுதான். அதுவும் நிஜ ஆபத்தின்போது இல்லை, மாதாமாதம் நடக்கும் ஒத்திகையின்போது.

பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு 2001-ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. அதற்கு முந்தைய 10 ஆண்டுகளில் அவர்கள் பதிவுக்கு வந்த லைஃப் போட் விபத்துகளில் 12 பேர் இறந்திருந்தார்கள், 87 பேர் காயம்பட்டிருந்தார்கள். வணிகக் கப்பல்களில் நடந்த மொத்த உயிரிழப்பில் இது 16 சதவீதம். இதில் யோசிக்க வைக்கிற விஷயம் என்னவென்றால், இவை எல்லாம் பயிற்சியிலோ சோதனையிலோ நடந்தவை. செய்தவர்களும் மேற்பார்வை பார்த்தவர்களும் அனுபவசாலிகள். கற்றுக்குட்டிகள் செய்த தப்பு என்று தள்ளிவிட முடியாது.

சென்னை பார்த்த விபத்து: பிரதிபா காவேரி

லைஃப் போட் என்றதும் சென்னைக்காரர்களுக்கு ஞாபகம் வர வேண்டிய பெயர் இது. 2012 அக்டோபர் 31. நீலம் புயல் மகாபலிபுரம் அருகே கரையைக் கடந்த நாள். சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த 'பிரதிபா காவேரி' என்ற எண்ணெய்க் கப்பல் காற்றில் இழுத்து வரப்பட்டு, பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைக்கு அருகே தரைதட்டி நின்றது. கப்பலில் 37 பேர் இருந்தார்கள்.

அவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் லைஃப் போட்டில் இறங்கித் தப்பிக்கப் பார்த்தார்கள். கொந்தளிப்பில் படகு கவிழ்ந்தது. அந்தப் பகுதி மீனவர்கள் அந்த அலையிலும் இறங்கிப் பலரைக் கரைக்கு இழுத்து வந்தார்கள். அப்படியும் 6 பேர் உயிரிழந்தார்கள். படகில் ஏறாமல் கப்பலிலேயே இருந்தவர்களைக் கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் மறுநாள் பத்திரமாக மீட்டது.

இந்த ஒரு தகவலை மறுபடி படியுங்கள். கப்பலில் தங்கியவர்கள் பிழைத்தார்கள், லைஃப் போட்டில் ஏறியவர்களில் 6 பேர் போனார்கள். இதை வைத்து 'லைஃப் போட்டில் ஏறாதே' என்று சொல்லிவிட முடியாது. உடைந்து மூழ்கும் கப்பலில் நின்றால் கதை வேறு மாதிரி முடியும். தரைதட்டி, உடையாமல் நிற்கிற கப்பலை விட்டு, கரையோர அலை உடைகிற இடத்தில் படகை இறக்குவதுதான் இங்கே ஆபத்து.

பழவேற்காடு மீனவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. மணல் மேடிட்டுக் கிடக்கும் முகத்துவாரத்தைத் தாண்டும்போதுதான் படகு புரளும், நடுக்கடலில் அவ்வளவு இல்லை என்று அவர்களே சொல்வார்கள். அலை உடைகிற இடத்தில் படகு குறுக்கே திரும்பினால் அவ்வளவுதான். லைஃப் போட்டுக்கும் அதே கணக்குதான்.

மூடிய லைஃப் போட் கவிழ்ந்தால் தானாக நிமிரும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது உண்மைதான், ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. கதவுகள் எல்லாம் மூடியிருக்க வேண்டும், உள்ளே இருக்கிற ஒவ்வொருவரும் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆட்கள் எழுந்து நின்றாலோ ஒரு பக்கம் சாய்ந்தாலோ அந்த எடையே படகை நிமிரவிடாது. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தால் தண்ணீர் உள்ளே வந்துவிடும்.

சரி, ஒத்திகையில் ஏன் விழுகிறது?

இதற்குப் படகு எப்படித் தொங்குகிறது என்று தெரிய வேண்டும். பக்கவாட்டில் இருக்கும் லைஃப் போட்டை இரண்டு இரும்புக் கைகள் தாங்கும். இவற்றுக்குக் கப்பல்காரர்கள் வைத்திருக்கும் பெயர் டேவிட். ஒவ்வொரு கையிலிருந்தும் ஒரு கம்பிவடம் இறங்கும். படகின் முன்பக்கம் ஒரு கொக்கி, பின்பக்கம் ஒரு கொக்கி. வடத்தின் நுனியில் இருக்கும் வளையம் அந்தக் கொக்கியில் மாட்டியிருக்கும். மொத்தப் படகும், உள்ளே இருக்கிற அத்தனை பேரும் இந்த இரண்டு கொக்கிகளில்தான் தொங்குகிறார்கள்.

சின்னக் கணக்கு ஒன்று போடலாம். சரக்குக் கப்பல் லைஃப் போட்டில் ஒரு ஆளுக்கு 82.5 கிலோ என்று விதி கணக்கு வைக்கிறது. 25 பேர் ஏறினால் ஆட்களின் எடை மட்டும் 2 டன்னைத் தாண்டும். படகின் எடை 4 டன் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 6 டன். ஒரு கொக்கிக்கு 3 டன். சரக்கு இறக்கிய காலிக் கப்பல் தண்ணீருக்கு மேல் உயரமாக நிற்கும். அப்போது படகு தொங்குவது ஆறேழு மாடி உயரத்தில்.

இப்போது இரண்டில் ஒரு கொக்கி மட்டும் திறந்துகொண்டது என்று வையுங்கள். படகு ஒரு பக்கமாகத் தொங்கி, செங்குத்தாக ஆடும். உள்ளே இருப்பவர்கள் கீழ்ப்பக்கம் போய்க் குவிவார்கள், இல்லை வெளியே கொட்டப்படுவார்கள். பிறகு மொத்த எடையும் மிச்சமிருக்கும் ஒரு கொக்கியில். பெரும்பாலும் அதுவும் தாங்காது.

கொக்கி தானாகத் திறக்குமா?

திறக்கும். இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது, அதுதான் இந்த விவகாரத்திலேயே விசித்திரமான பகுதி.

1980 மார்ச் 27-ம் தேதி வடகடலில் 'அலெக்சாண்டர் கீலாண்ட்' என்ற மிதக்கும் தங்குமிட மேடை கவிழ்ந்தது. எண்ணெய்த் தொழிலாளர்கள் 212 பேர் இருந்த மேடை. 123 பேர் இறந்தார்கள். அங்கே 7 லைஃப் போட்கள் இருந்தன. 4 படகுகளை இறக்க முடிந்தது, ஆனால் வடத்திலிருந்து கழற்றிக்கொண்டு விலக முடிந்தது ஒன்றே ஒன்றுதான். அன்றைய கொக்கிகள் அப்படி. படகு முழுசாகத் தண்ணீரில் மிதந்து, வடம் தளர்ந்தால்தான் திறக்கும். அலை தூக்கித் தூக்கிப் போடும்போது வடம் தளரவே இல்லை. மாட்டிக்கொண்ட படகுகளை அலை மேடையின் மேலேயே அடித்தது.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் எடை தொங்கிக்கொண்டிருக்கும்போதே திறக்கக்கூடிய கொக்கி. படகுக்குள் ஒரு கைப்பிடி, அதை இழுத்தால் முன்னும் பின்னும் இரண்டு கொக்கிகளும் ஒரே நேரத்தில் திறக்கும். 1986 ஜூலை 1 முதல் புதிய கப்பல்களுக்கு இது கட்டாயமானது. சோலாஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கடல் உயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கையில் இந்த விதி சேர்ந்தது.

எடை தொங்கும்போது திறக்கிற கொக்கி என்றால், நாம் கேட்காதபோதும் திறக்க வாய்ப்பு இருக்கிற கொக்கி என்றும் அர்த்தம். ஒரு விபத்தைத் தடுக்கப் போட்ட விதி வேறு வகை விபத்துக்குக் கதவைத் திறந்துவிட்டது.

முந்தைய தலைமுறைக் கொக்கிகளில் பல, தொங்கும் எடையாலேயே திறக்கப் பார்க்கும். அதைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு சின்ன உலோகத் தாழ்ப்பாள்தான். நம் ஊர்க் கதவை யாரோ வெளியிலிருந்து தள்ளிக்கொண்டே இருக்க, உள்ளே ஒரு கொண்டி மட்டும் பிடித்திருப்பது போல. கொண்டி முழுசாகப் போட்டிருந்தால் பிரச்சினை இல்லை. பாதி போட்டிருந்தால்? பார்க்கிறவர் கண்ணுக்குக் கதவு பூட்டிய மாதிரிதான் தெரியும். எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது.

அந்தத் தாழ்ப்பாள் பாதியில் நிற்கப் பல காரணங்கள். கைப்பிடியிலிருந்து கொக்கி வரை போகிற கேபிள் துருப்பிடித்து இழுபடாமல் போகலாம். உதிரிப்பாகம் தேய்ந்திருக்கலாம். பராமரிப்பு செய்தவர் திரும்பக் கோக்கும்போது அளவு சரியாக வைக்காமல் விட்டிருக்கலாம். இன்னொரு சிக்கல், ஒவ்வொரு கம்பெனி கொக்கியும் ஒவ்வொரு விதம். போன கப்பலில் ஒரு மாதிரி, இந்தக் கப்பலில் வேறு மாதிரி. ஏறி ஒரு வாரம்கூட ஆகாத ஆளை ஒத்திகைக்கு அனுப்பினால் அவருக்கு எது 'பூட்டிய நிலை' என்றே குழம்பும்.

தண்ணீரில் இறங்கும் முன் கைப்பிடியை இழுத்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு பூட்டு உண்டு. ஹைட்ரோஸ்டாடிக் இன்டர்லாக் என்று பெயர். படகின் அடியில் தண்ணீர் அழுத்தினால்தான் அந்தப் பூட்டு விடும். அவசரத்தில் அதையும் மீறித் திறக்க வழி வைத்திருப்பார்கள், ஏனென்றால் கீலாண்ட் மாதிரி நிலைமை வரலாமே.

இறக்கும்போதைவிட ஏற்றும்போது கவனம்

ஒத்திகை முடிந்தது என்ற நினைப்பில் ஆட்கள் தளர்ந்திருக்கும் நேரத்தில்தான் பல விபத்துகள் நடக்கின்றன. படகைத் திரும்ப மேலே ஏற்றுவதற்கு, அலையில் ஆடிக்கொண்டே இரண்டு வளையங்களையும் இரண்டு கொக்கிகளிலும் மாட்ட வேண்டும். கைப்பிடியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். பாதுகாப்பு ஊசியைப் போட வேண்டும். முன்பக்கம் மாட்டும்போது பின்பக்கம் கழன்றுகொள்ளும். பின்னால் மாட்டினால் முன்னால் கழலும். நனைந்துபோய், சீக்கிரம் முடித்தால் போதும் என்ற மனநிலையில் செய்கிற வேலை இது.

அதனால் நல்ல போசன் என்ன செய்வார் தெரியுமா? படகைத் தண்ணீரிலிருந்து சற்றே தூக்கி நிறுத்திவிடுவார். இரண்டு கொக்கியும் முழுசாகப் பூட்டியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொன்ன பிறகுதான் வின்ச் மறுபடி ஓடும். அந்த உயரத்தில் கொக்கி விட்டால் படகு தண்ணீரில்தான் விழும், நனைவதோடு போகும். 20 மீட்டரில் விட்டால் உயிர் போகும்.

கொக்கி மட்டும்தான் பிரச்சினையா?

இல்லை. கம்பிவடம் அறுந்து விழுந்த விபத்துகளும் இருக்கின்றன.

2011 பிப்ரவரி 7-ல் பிரிட்டனின் ராயல் போர்ட்பரி துறைமுகத்தில் 'டொம்பாரா' என்ற கார் ஏற்றும் கப்பல் நின்றிருந்தது. எண்ணூருக்குக் கார் ஏற்ற வருகிற, பெட்டி மாதிரி உயரமாக நிற்கும் கப்பல்களின் வகை. வழக்கமான மாத ஒத்திகை. மீட்புப் படகை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள், உள்ளே 4 பேர். படகு மேலே சேர்ந்ததும் வின்ச் தானாக நிற்க ஒரு சுவிட்ச் உண்டு. அது வேலை செய்யவில்லை. வின்ச் இழுத்துக்கொண்டே இருந்தது, வடம் அறுந்தது. சுமார் 29 மீட்டர் கீழே விழுந்த படகில் ஒருவர் இறந்தார்.

விசாரணையில் இன்னொன்றும் தெரிந்தது. படகின் சுவருக்குள் இருக்கும் மிதவைப் பஞ்சு தண்ணீரைக் குடித்து, படகே சான்றிதழில் இருப்பதைவிடக் கணிசமாகக் கனத்திருந்தது. அதை யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை. நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

2013 பிப்ரவரி 10-ல் ஸ்பெயினின் லா பால்மா தீவில் நடந்தது இன்னும் மோசம். அது சரக்குக் கப்பல் இல்லை, 'தாம்சன் மெஜஸ்டி' என்ற பயணிகள் சொகுசுக் கப்பல். ஆனால் அதே டேவிட், அதே கம்பிவடம். ஒத்திகை முடிந்து படகை ஏற்றும்போது ஒரு வடம் அறுந்தது. படகில் இருந்த 8 ஊழியர்களில் 5 பேர் இறந்தார்கள். அந்த வடத்தை மாற்றி மூன்று ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. வெளியில் கிரீஸ் பளபளவென்று இருக்கும். கப்பிமேல் வளைந்து கிடக்கும் இடத்தில் உள் இழைகள் துருப்பிடித்திருந்தன. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வடத்தை மாற்ற வேண்டும் என்பது விதி. 'ஐந்து வருஷம் ஆகலையே' என்று விட்டுவிடக் கூடாது, பழுது தெரிந்தால் முன்னாலேயே மாற்ற வேண்டும் என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது.

விதிகள் என்ன மாறின?

கப்பலில் ஒவ்வொரு ஊழியரும் மாதம் ஒருமுறை கப்பலைக் கைவிடும் ஒத்திகையில் கலந்துகொள்ள வேண்டும். துறைமுகத்தில் கால்வாசிக்கு மேல் ஊழியர்கள் மாறி, புதியவர்கள் இன்னும் அந்தக் கப்பலில் ஒத்திகை செய்யவில்லை என்றால் கிளம்பிய 24 மணி நேரத்துக்குள் ஒத்திகை நடத்த வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை லைஃப் போட்டை நிஜமாகவே தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பார்க்க வேண்டும்.

முன்பு இந்த மூன்று மாத ஒத்திகையில் ஆட்கள் படகுக்குள் இருக்க, அப்படியே இறக்குவார்கள். விபத்துகள் குவிந்த பிறகு 2006-ல் வாசகத்தை மாற்றினார்கள். இறக்கும்போது ஆட்கள் உள்ளே இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் போனது. காலிப் படகை முதலில் இறக்கி ஏற்றிப் பார்த்து, எல்லாம் சரி என்றால் பிறகு ஆட்களை ஏற்றலாம். இவ்வளவு எளிய யோசனைக்கு இத்தனை உயிர் போக வேண்டியிருந்தது என்பதுதான் எரிச்சல்.

2009-ல் சர்வதேச கடல்சார் அமைப்பு 'ஃபால் பிரிவென்டர்' பற்றி வழிகாட்டுதல் கொடுத்தது. பெயர்தான் பெரிசு. கொக்கியோடு கூடவே போடுகிற ஒரு கூடுதல் பட்டையோ ஊசியோதான் அது. கொக்கி தவறித் திறந்தாலும் படகை இது பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் இறங்கியதும் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் நிஜ ஆபத்தில் இதுவே படகை மாட்டிவிடும். கீலாண்ட் கதை மறுபடியும்.

பெரிய மாற்றம் 2011 மே மாதம் முடிவாகி, 2013 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தது. எடையால் திறக்கப் பார்க்கிற பழைய வகைக் கொக்கிகளையெல்லாம் பரிசோதித்து, தேறாதவற்றை மாற்ற வேண்டும் என்றது அது. எடை எவ்வளவு இழுத்தாலும் மூடிய நிலையிலேயே நிற்கிற கொக்கிதான் இனி செல்லும். 2014 ஜூலை 1-க்குப் பிறகு வரும் முதல் உலர்துறைப் பராமரிப்பில் மாற்ற வேண்டும், எப்படியும் 2019 ஜூலை 1-ஐத் தாண்டக் கூடாது என்று கெடு வைத்தார்கள். விதி பேசப்பட்டு, கடைசிக் கப்பல்வரை போய்ச் சேர எவ்வளவு வருஷம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பின்பக்கம் சறுக்குமரம் மாதிரி சாய்ந்து நிற்கும் படகு?

அது ஃப்ரீ ஃபால் வகை. கப்பலின் பின்பக்கம் சாய்வான தண்டவாளத்தில் மூக்கு கீழே பார்த்தபடி நிற்கும். ஆட்கள் ஏறிப் பெல்ட் போட்டதும் உள்ளிருந்து விடுவித்தால் வழுக்கிப் போய்த் தண்ணீரில் குதித்து, மேலெழும்பும். 2006 ஜூலை 1-க்குப் பின் கட்டப்பட்ட, நிலக்கரி, இரும்புத்தாது போன்ற மொத்தச் சரக்கு ஏற்றும் கப்பல்களுக்கு இதுதான் கட்டாயம். எண்ணூருக்கு அனல்மின் நிலைய நிலக்கரியோடு வருகிற கப்பல்களில் இதைப் பார்க்கலாம்.

இரண்டு கொக்கி சரியாகச் சேர்ந்து திறக்குமா என்ற தலைவலி இதில் கிடையாது. ஆனால் குதிக்கிற அதிர்ச்சியில் பெல்ட் போடாதவர் கழுத்து, முதுகு காலி. அதனால் ஒத்திகைகளில் பெரும்பாலும் நிஜமாகக் குதிக்க மாட்டார்கள். வடத்தில் கட்டி, சில அங்குலம் மட்டும் நகரவிட்டு நிறுத்துகிற 'பாவனை இறக்கம்' செய்வார்கள். அந்தப் பிடிவடம் சரியாக மாட்டப்படவில்லை என்றால் பாவனை நிஜமாகிவிடும்.

உங்கள் வீட்டுப் பையன் கப்பலில் ஏறுகிறான் என்றால்

கப்பல் வேலைக்குப் போகும் எல்லோரும் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். லைஃப் போட் பொறுப்புக்கு 'சர்வைவல் கிராஃப்ட்' என்ற தனிச் சான்றிதழ் உண்டு. ஆனால் பயிற்சி மையத்தின் குளத்தில் இறக்கிய படகும், ஏறப்போகிற கப்பலில் இருக்கும் படகும் ஒன்றாக இருக்காது. ஏறிய முதல் நாளே அந்தக் கப்பலின் கொக்கியைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எது திறந்த நிலை, எது பூட்டிய நிலை, குறி எங்கே போட்டிருக்கிறது, ஃபால் பிரிவென்டர் எங்கே வைத்திருக்கிறார்கள், இவற்றையெல்லாம் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேடட் ஒருவன் சீஃப் ஆபீசரிடம் 'சார், கொக்கி முழுசா விழலை போல இருக்கு' என்று சொல்வது நடைமுறையில் எவ்வளவு கஷ்டம் என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்த காண்ட்ராக்ட் போய்விடுமோ என்ற பயம் இருக்கும். ஆனாலும் சொல்ல வழி இருக்கிறது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-ல் ஏற்றுக்கொண்டது. கப்பலுக்குள்ளேயே புகார் சொல்லவும், அதற்காகப் பழிவாங்கப்படாமல் இருக்கவும் அது உரிமை தருகிறது. கப்பலுக்குள் காது கொடுக்கவில்லை என்றால் அது நிற்கிற துறைமுகத்தின் அதிகாரிகளிடம் போகலாம். நம் ஊரில் மும்பையிலுள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமும், சென்னையில் அதன் கீழ் வரும் வணிகக் கடல்துறை அலுவலகமும் இதற்கான இடங்கள். வெளிநாட்டுக் கொடி ஏற்றிய கப்பலாக இருந்தாலும், நம் துறைமுகத்துக்குள் வந்தால் ஏறிச் சோதிக்க இவர்களுக்கு அதிகாரம் உண்டு. லைஃப் போட் பழுது என்றால் சரிசெய்யும் வரை கப்பலைக் கிளம்பவிடாமல் நிறுத்தலாம்.

இன்னொரு விஷயம். 2020 ஜனவரி 1 முதல், லைஃப் போட்டின் கொக்கியையும் டேவிட்டையும் வருடாந்திர ஆய்வு செய்வதும், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பிரித்துப் பார்த்து எடை வைத்துச் சோதிப்பதும், தயாரித்த கம்பெனியோ அதற்கென அங்கீகாரம் பெற்ற நிறுவனமோதான் செய்ய வேண்டும் என்று ஆகியிருக்கிறது. வாராந்திர, மாதாந்திரப் பார்வை மட்டும்தான் கப்பல் ஊழியர்கள் பொறுப்பு. அந்த ஐந்தாண்டுச் சோதனை எப்போது நடந்தது, யார் கையெழுத்து போட்டார்கள் என்ற அறிக்கை கப்பலிலேயே இருக்க வேண்டும். அதை எடுத்துக் காட்டுங்கள் என்று கேட்கலாம்.